ஒரு தலைவியின் கணக்குக் கொப்பி

தலைவர் என்ற சொல் நமது காலத்தில் மலிந்துவிட்டது என்று குறைப்படுவோர் பெரும்பாலும் அரசியல் மேடைகளையே மனத்திற் கொண்டு பேசுகின்றனர். அச்சொல் உண்மையிலேயே மலிந்து கிடக்கும் இடம் வேறொன்று. கடையும் காசுப் பெட்டியுமின்றி, வீடு வீடாகவும் உறவு வழியாகவும் பண்டங்களை விற்கும் நேரடி விற்பனைத் தொழிலில் மூன்று பேரைச் சேர்த்தவர் ஒரு தலைவர். அம்மூவரும் மும்மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் முன்னவர் பெருந்தலைவர். வெள்ளி, பொன், வைரம் என்று படிகள் வகுக்கப்பட்டிருக்கும். படி உயர உயர உடையிலே குத்தும் சின்னமும் மாறும். வேறெந்தத் தொழிலிலும் இத்தனை விரைவாக ஒருவர் தலைமைப் பதவியை எய்துதல் இயலாது.

இத்தொழிலின் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி ஒலிக்கும் தொடர், 'மனிதரை மையமாகக் கொண்ட தலைமை' என்பதாகும். பண்டத்தைப் பற்றிக் கவலைப்படாதே, மனிதரை வளர். மனிதர் வளர்ந்தால் வியாபாரம் தானே வளரும் என்பது அதன் சாரம். முற்போக்கு எண்ணமுடைய வாசகர் இதனைக் கேட்டதும் இகழ்ச்சியாகச் சிரித்துவிட்டு அப்பால் நகரக்கூடும். நான் அவ்வாறு சிரிக்க விரும்பவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில், என்னிடம் படித்த பிள்ளைகளிற் பலர் இன்று இத்தொழிலில் ஈடுபட்டிருப்பதைக் காண்கிறேன். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். தையல் மெசினும் தோட்டக் கூலியும் ஒரு குடும்பத்தைத் தாங்காதபோது, சவர்க்காரமும் சத்துமாவும் நிரம்பிய பையொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு படலை படலையாக ஏறி இறங்குவோர் அவர்கள். அவர்களைப் பற்றிய ஒரு கொள்கை நல்லதா, பொய்யா என்று ஆராய்வது நமக்குப் புறம்பான காரியமாக இருக்க முடியாது.

அக்கொள்கை இன்று நேற்றுப் பிறந்ததன்று. அதனை நடைமுறையில் நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் பிரௌனி வைஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி. அவர் 1913ஆம் ஆண்டில் ஜோர்ஜியா மாநிலத்திற் பிறந்தார். அவருடைய தாயார் தொப்பித் தொழிலாளரின் சங்கத்திற்கு அமைப்பாளராக ஊரூராய்ச் சென்று உழைத்தவர் என்பதை இவ்விடத்திற் குறித்துக்கொள்ளுதல் நன்று. வைஸ் பள்ளிப்படிப்பை நிறைவு செய்தாரல்லர். மணமுறிவுக்குப் பின்னர் டிட்ரோயிட் நகரில் தம் ஒரே மகனைத் தனியே வளர்த்தார். பகலிற் கந்தோர் வேலை. எஞ்சிய நேரத்தில், வீட்டுத் துப்புரவுப் பொருள்களை நேரடியாக விற்கும் ஒரு நிறுவனத்தின் பண்டங்களை விற்றார். திறமை மிக்க விற்பனையாளராக உயர்ந்த அவர் நிருவாகப் பதவியை நாடியபோது, அது பெண்ணுக்குரிய இடமன்று என்ற விடையே கிடைத்தது.

அக்காலத்தில் ஏர்ல் டப்பர் என்பவர், காற்றுப் புகாத மூடியுடைய பிளாஸ்டிக் கிண்ணங்களை ஆக்கிக் கடைகளுக்கு அனுப்பியிருந்தார். அவை அழகாக இருந்தன, ஆயின் விலைப்படவில்லை. மூடியின் விளிம்பை அழுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றினாலன்றி அது சரியாக மூடாது. அதனை ஒருவர் நேரிற் செய்து காட்ட வேண்டியிருந்தது. வைஸ் அதனைச் செய்து காட்டினார். அயலவரை ஒரு வீட்டில் ஒன்றுகூட்டி, கிண்ணத்தில் நீரை நிரப்பி மூடி, அதனை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எறியச் செய்தார். ஒரு துளியும் சிந்தவில்லை. அவருடைய விற்பனையின் பெருக்கத்தைக் கண்ட டப்பர், 1951இல் அவரைத் தமது வீட்டு விற்பனைப் பகுதிக்குத் துணைத் தலைவராக்கினார். பண்டங்களைக் கடைகளிலிருந்து மீட்டு, வீட்டுக் கூட்டங்களில் மட்டுமே விற்பதென்றும் முடிவு செய்தார்.

வைஸ் செய்தவற்றுள் மெய்யான சிறப்பு இருந்தது. போர்க்காலத்தில் தொழிற்சாலைகளில் உழைத்த அமெரிக்கப் பெண்கள், போர் முடிந்ததும் சமையலறைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட காலம் அது. பிள்ளையின் தாய், இன்னாரின் மனைவி என்பதற்கு அப்பால் அவர்களுக்கு வேறு பெயரில்லை. வைஸ் அவர்களின் பெயரைச் சொல்லி அழைத்தார். சிறப்பாக விற்றவர்களின் பெயர்களையும் படங்களையும் செய்திமடலில் அச்சிட்டார். சில வேளைகளில் தாம் உடுத்த உடைகளையே பரிசாக அளித்தார். புளோரிடாவில் கிஸிம்மி என்னும் ஊரிலமைந்த தலைமையகத்தில் 1954 முதல் ஆண்டுதோறும் விழா எடுத்தார். முதலாண்டு விழாவில் பரிசுகளை மண்ணிற் புதைத்துவைத்து, பெண்களின் கைகளில் மண்வாரிகளைக் கொடுத்துத் தோண்டி எடுக்கச் செய்தார். அதே ஆண்டு ஏப்ரலில் 'பிசினஸ் வீக்' சஞ்சிகையின் அட்டையில் அவருடைய படம் வெளிவந்தது. அந்த அட்டையில் இடம்பெற்ற முதற் பெண் அவரே.

புதையலுக்காக மண்ணைத் தோண்டும் நூற்றுக்கணக்கான பெண்களின் படத்தைக் காண்போர் சிலருக்கு அது பேராசையின் காட்சியாகத் தோன்றும். எனக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. தன் உழைப்புக்குப் பரிசு என்று ஒன்று வாழ்நாளில் ஒருபோதும் கிடைக்கப்பெறாத மனிதப் பிறவி, அது கிடைக்கும் என்று யாரோ சொன்னவுடன் மண்ணைத் தோண்டாமல் வேறு என்ன செய்யும்?

ஆயினும் அப்பெண்கள் அந்தக் கொம்பனியின் ஊழியர்களல்லர். மாதச் சம்பளம், ஓய்வூதியம், நோய்க்கால விடுமுறை எதுவும் அவர்களுக்கில்லை. விற்றால் தரகு, விற்காவிடில் வெறுங்கை. விலையை, தரகு வீதத்தை, எந்தப் பண்டத்தைச் செய்வது என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இடப்படவில்லை. தாய் அமைத்த சங்கத்தில் உறுப்பினருக்கு வாக்கு இருந்தது. மகள் அமைத்த விழாவில் உறுப்பினருக்குப் பரிசு இருந்தது. இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேற்றுமையை வைஸ் உணர்ந்திருந்தாரா என்பதை நாம் அறியோம். காலம் அதனை அவருக்கு வேறு வழியில் உணர்த்திற்று.

1958 சனவரியில் டப்பர் அவரை வேலையிலிருந்து நீக்கினார். புகழ் முழுவதும் அவரையே சென்றடைந்தமை டப்பருக்குக் கசந்திருந்தது. வைஸிடம் பிடிவாதமும் ஆடம்பரமும் இருந்தன என்பதும் உண்மை. அதே ஆண்டில் டப்பர் தமது நிறுவனத்தை றெக்சோல் என்ற கொம்பனிக்குப் பல மில்லியன் டொலருக்கு விற்றார். அந்த நிறுவனத்தை வீடுகளெங்கும் அறியச் செய்த பெண்மணியிடம் அதன் ஒரு பங்குகூட இருக்கவில்லை. வழக்காடிய பின்னர் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளம், 30,000 டொலர். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலின் எஞ்சிய பிரதிகள் தலைமையகத்தின் பின்புறத்தே குழியிற் புதைக்கப்பட்டன என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பரிசுகளைப் புதைத்த அதே ஊரில்! அவர் 1992இல் காலமானார். அந்த நிறுவனமும் 2024 செப்டெம்பரில் கடன்சுமை தாளாது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடிற்று.

வைஸின் அன்பு போலியானது என்று நான் கூற வரவில்லை. அன்பு மெய்யாகவே இருந்தது; அதிகாரம் வேறிடத்தில் இருந்தது. தம்மை நம்பிய பெண்களுக்கு உரிமையாக எதனையும் எழுதிக் கொடுக்க அவரால் முடியவில்லை, ஏனெனில் தமக்கென்றே அவர் எதனையும் எழுதி வாங்கியிருக்கவில்லை. மனிதரை மையமாகக் கொள்வதாகக் கூறும் எந்தத் தலைமையையும் நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவே: நட்டம் வரும்போது அது யார் வீட்டுக்குப் போகின்றது?

வைஸின் கொம்பனியிலாவது பண்டம் உண்மையான சமையலறைக்குச் சென்றது. கிண்ணத்தை வாங்கியவள் அதிற் குழம்பை ஊற்றி வைத்தாள். நமது காலத்திற் பெருகியிருக்கும் பலபடித் திட்டங்களில் இதுவும் ஐயத்துக்குரியதாகிவிட்டது. தாம் விற்றதற்கு மட்டுமன்றி, தாம் சேர்த்தவர்களும் அவர்கள் சேர்த்தவர்களும் வாங்குவதற்கெல்லாம் மேலிருப்பவருக்குத் தரகு கிடைக்கும் என்பது இத்திட்டங்களின் அமைப்பு. ஹோட்டல் மண்டபங்களில் நடைபெறும் கூட்டங்களில் வெண்பலகையில் வட்டங்களை வரைந்து காட்டுவர். நீர் ஆறு பேரைச் சேர்ப்பீர், அவர் ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்ப்பர், அது 36. பின்னர் 216. கேட்போர் தத்தம் மனத்திலே வீட்டுக்குக் கூரை போடத் தொடங்கிவிடுவர்.

கணித ஆசிரியனுக்கு அந்தப் பலகையைக் கண்டதும் மேலும் நான்கு வரி எழுதிவிடவேண்டும் என்று கை துடிக்கும். ஆறின் அடுக்குகள் ஒன்பதாம் படியில் 1,00,77,696 ஆகின்றன. பத்தாம் படியில் 6,04,66,176. இலங்கையின் மொத்தச் சனத்தொகை, தொட்டிலிற் கிடக்கும் குழந்தை உட்பட, 2 கோடியே 20 இலட்சத்தை எட்டவில்லை. இதனைப் பலரும் சொல்லியிருக்கின்றனர். இதனினும் முக்கியமான மற்றொரு கணக்கு உண்டு; அதனைச் சொல்வோர் குறைவு. இந்த அடுக்கை எந்தப் படியில் நிறுத்தினாலும், அதிலுள்ளோரில் ஆறில் ஐந்து பங்கினர் கடைசிப் படியிலேயே நிற்பர். அவர்களுக்குக் கீழே எவருமில்லை. அவர்கள் சோம்பேறிகளாகையால் அங்கு நிற்கவில்லை. எல்லாரும் அயராது உழைத்து, எல்லாரும் சொன்னபடி ஆறு பேரைச் சேர்த்து, ஒரு குறையுமின்றி நடந்தேறும் திட்டத்திலும் அவர்கள் அங்கேயே நிற்பர். தலைவர் புத்தரைப் போலக் கருணையுடையவராயினும் ஆறில் ஐந்து என்ற அந்தப் பின்னம் மாறாது.

ஆகவே, இத்தொழிலில் நீதிக்கும் அநீதிக்குமிடையிலான கோடு, பேசும் மொழியிலன்று, வருமானம் பிறக்கும் இடத்தில் விழுகின்றது. பண்டத்தை உண்மையில் உபயோகிப்பவர் கொடுத்த காசா, அல்லது சேர்ந்துகொண்டவர் படியேறும் ஆசையிற் கொடுத்த காசா? ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 1975இல் கொஸ்கொட் என்ற அழகுப்பொருள் நிறுவனத்தின் வழக்கில் இக்கோட்டினையே வரைந்தது. 1979இல் அம்வே நிறுவனத்தின் வழக்கில், அது பிரமிட் திட்டமன்று என்று தீர்ப்பதற்கு அந்த ஆணைக்குழு எடுத்துக்கொண்ட சான்றுகள் சுவையானவை. விற்காத பண்டத்தைத் திரும்ப வாங்கும் விதி ஒன்று. வாங்கியதில் நூற்றுக்கு 70 பங்கை விற்றிருக்க வேண்டும் என்பது ஒன்று. மாதம் பத்து வாடிக்கையாளருக்கேனும் விற்றிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. விதி ஏட்டில் இருந்தாற் போதுமா, நடைமுறையில் யார் பார்த்தார்கள் என்று அன்றுதொட்டு வாதாடி வருகின்றனர். ஏட்டு விதி போதாது என்பதற்கு 2016ஆம் ஆண்டே சாட்சி. அவ்வாண்டில் ஹேர்பலைவ் நிறுவனம் அதே ஆணைக்குழுவுக்கு 20 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. விற்பனையாளருக்குக் கொடுக்கும் வெகுமதியில் மூன்றில் இரண்டு பங்கேனும் உறுதிசெய்யப்பட்ட சில்லறை விற்பனையிலிருந்தே பிறக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் ஏற்றது. இழந்தவர்களுக்கு அனுப்பப்பட்ட காசோலைகள் மூன்றரை இலட்சம் வரையில்.

நமது நாட்டிலும் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தில், பிரமிட் திட்டங்களைத் தடைசெய்யும் பிரிவொன்று 2005இல் சேர்க்கப்பட்டது. பங்குபற்றுவோர் பெறும் நன்மை, பங்குபற்றுவோரின் தொகை பெருகுவதையோ அவர்களின் கொடுப்பனவு பெருகுவதையோ பெரிதும் சார்ந்திருக்குமாயின் அத்திட்டத்தைத் தொடங்குதலும் நடத்துதலும் குற்றமாகும். மத்திய வங்கி காலத்துக்குக் காலம் பத்திரிகைகளில் எச்சரிக்கை விடுக்கின்றது. ஆயின் பண்டமொன்றை நடுவே வைத்துவிட்டால், இது விற்பனையா சேர்க்கையா என்பதைக் கந்தோரிலிருந்து காண்பது அரிது. அதனைக் காணக்கூடியவர் ஒருவரே. அந்தக் குழுவின் தலைவி.

அவ்வாறு கண்ட ஒரு தலைவியை நான் அறிவேன். என்னிடம் க.பொ.த. சாதாரண தரம் வரை படித்தவள். போரிலே கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளுடன் வலிகாமத்தில் தாய் வீட்டிலிருந்து தையல் தைத்தவள். சவர்க்காரம், பற்பசை, சத்துமா முதலியவற்றை நேரடியாக விற்கும் கொம்பனியொன்றிற் சேர்ந்து, இரண்டாண்டுக்குள் 41 பெண்களுக்குத் தலைவியானாள். கொழும்பில் நடந்த விழாவொன்றில் மேடையேற்றி மாலையிட்டனர். பாடசாலையில் ஒருநாளேனும் பரிசு வாங்காத பிள்ளை அவள். அந்தப் படத்தைக் கொண்டுவந்து எனக்குக் காட்டியபோது அவள் முகத்திலிருந்த ஒளியை நான் குறைத்து எழுதமாட்டேன்.

சில மாதங்களின் பின்னர் அவள் ஒரு கொப்பியுடன் வந்தாள். கொம்பனி கொடுத்த படிவமன்று. பிள்ளையின் எழுதாத அப்பியாசக் கொப்பி. ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கெதிரே இரண்டு நிரல்கள் கீறியிருந்தாள். ஒன்றில், வெளியாருக்கு விற்றது. மற்றதில், வீட்டு அலுமாரியிற் கிடப்பது. கூட்டல் சரியா என்று பார்க்கும்படி கேட்டாள். கூட்டல் சரியாகவே இருந்தது. தனக்குத் தரகு கிடைத்த பண்டங்களில் பெரும்பகுதி எவருடைய சமையலறைக்கும் குளியலறைக்கும் போகவில்லை, தன்னுடைய பெண்களின் அலுமாரிகளிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றது என்பதை அவள் அந்தக் கொப்பியினாற் கண்டுபிடித்திருந்தாள். மாத முடிவில் படியைத் தக்கவைத்துக்கொள்வதற்காக ஒவ்வொருவரும் கடன்பட்டு வாங்கியவை அவை. ஒருத்தி தாலிக்கொடியை அடைவு வைத்திருந்தாள்.

மேலிருந்தவர்கள் அவளுக்குக் கூறிய ஆலோசனை, அப்பெண்ணை மேலும் ஊக்கப்படுத்து என்பதாம். "சேர், அவள் கொடியை அடைவு வைச்சு வாங்கின சாமானிலை எனக்கும் காசு வந்திருக்கு. அது தெரிஞ்ச பிறகும் அவளிட்டைப் போய் இன்னும் வாங்கு எண்டு சொல்லுறதுக்கோ தலைமை எண்டு பேர்?" என்று கேட்டாள். இக்கேள்விக்குப் பயிற்சி வகுப்புகளில் விடையில்லை என்றே நினைக்கிறேன்.

அதன்பின் அவள் செய்தவை எளிமையானவை. பெண்களைத் தன் முற்றத்துக்கு அழைத்துத் தனது மெய்யான வருமானத்தை, போக்குவரத்துச் செலவு கழித்து, ரூபாக் கணக்கில் வாசித்துக் காட்டினாள். மேடையில் அவளுக்குச் சொல்லித்தரப்பட்ட தொகையில் அது மூன்றிலொரு பங்கும் இல்லை. அலுமாரியிற் கிடந்த பண்டங்களில் விற்கக்கூடியவற்றைத் திரும்ப வாங்கிக் கோயில் திருவிழாக் காலத்தில் மலிவு விலைக்கு விற்றாள். நட்டத்தைத் தன்னுடைய தரகிலிருந்து கொடுத்தாள். தனக்கென எட்டு வாடிக்கையாளராவது இல்லாத எவரையும் புதிதாகச் சேர்ப்பதில்லை என்றும், எவரும் கடன்பட்டுப் பண்டம் வாங்கக்கூடாது என்றும் விதி செய்தாள். தாலிக்கொடி மீட்கப்பட ஏழு மாதமாயிற்று.

கொம்பனி அவளைத் தண்டிக்கவில்லை. தண்டிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. திட்டமே அதனைச் செய்தது. குழுவின் கொள்வனவு குறைந்தது; அடுத்த காலாண்டில் அவளுடைய படி இறங்கிற்று; தரகு வீதமும் இறங்கிற்று. மேலிருந்தவர் அவளை, தோல்வி மனப்பான்மையைப் பரப்புகின்றவள் என்றார். இதனைவிட வேதனையான செய்தி வேறு. அவளுடைய 41 பெண்களில் 30 பேர் அவளை விட்டு வேறு தலைவியரின் குழுக்களுக்குச் சென்றுவிட்டனர். சிலர் கோபித்துக்கொண்டே சென்றனர். உண்மையான கணக்கை வாசித்ததன் மூலம் தங்கள் கனவை அவள் கெடுத்துவிட்டாள் என்பது அவர்களின் குறை. ஒருத்தி அவளுடன் இன்றுவரை பேசுவதில்லை.

அந்த முப்பது பெண்களையும் அறியாமை மிக்கவர்கள் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. நான் அவர்களிற் சிலரோடு பேசியிருக்கிறேன். காசு பெரிதாக வரவில்லை என்பதை அவர்கள் நன்றாகவே அறிவர். மாதத்தில் ஒருநாள் நல்ல சேலையுடுத்து ஒரு மண்டபத்துக்குப் போகின்றனர், அங்கே அவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் அழைக்கின்றனர், சபை கைதட்டுகின்றது. விதவை என்று கலியாண வீட்டில் முன்வரிசையில் நிற்க விடாத ஊரில், அந்தக் கைதட்டலுக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைத்தான் அவர்கள் சவர்க்காரத்தின் பெயராற் செலுத்துகின்றனர்.

இவ்விடத்தில் நம்மவர் தரப்பையும் பார்க்கவேண்டும். 1957இல், பிலிப் குணவர்த்தன அமைச்சராயிருந்தபோது, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நாடெங்கும் அமைக்கப்பட்டன. ஒருவருக்கு ஒரு வாக்கு, கொள்வனவுக்கேற்ற பங்கிலாபம் என்பன கூட்டுறவின் அடிப்படைகள். இலாபம் மேலே ஏறாமல் வாங்குபவரிடமே திரும்பவேண்டும் என்ற அந்தக் கொள்கைக்கு எந்த நேரடி விற்பனைக் கொம்பனியும் ஈடாகாது. ஆயின் சங்கக் கடைக்கு அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற பெண்களை, அதன் பொதுக்கூட்டத்தில் எத்தனை தடவை பெயர் சொல்லி எழுப்பிப் பேச வைத்தோம்? தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மேடையில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் நாமே, அதாவது வேட்டியுடுத்த ஆசிரியர்களே. நாம் அழைக்காது விட்ட பெயர்களைக் கொம்பனிகள் அழைத்தன.

அன்றியும் தலைமையின் பொறுப்பு எத்தகையது என்பதை அறிய நமது மக்கள் அமெரிக்காவுக்குச் செல்லவேண்டியதில்லை. ஊர்களில் சீட்டுப் பிடிக்கும் தாச்சியைப் பாருங்கள். சீட்டு நடத்துவதற்காக அவர் ஒரு கழிவை எடுத்துக்கொள்கிறார்; அது எல்லாருக்கும் தெரிந்த தொகை. சீட்டெடுத்த ஒருவர் கட்டாமல் விட்டால் அந்தப் பணத்தைத் தாச்சியே தன் கையிலிருந்து வைக்கவேண்டும். ஓடிய தாச்சிகளும் உண்டு, அவர்களால் அழிந்த குடும்பங்களும் உண்டு. அதனை மறைத்து நான் பழைமையைப் பாடவில்லை. ஆயினும் ஓடியவரை ஊர் கள்ளர் என்று சொல்லிற்று. நட்டம் தலைவரில் தொடங்கவேண்டும் என்ற நியதி அச்சொல்லிலே அடங்கியிருக்கின்றது. பலபடித் திட்டத்தில் இந்நியதி தலைகீழாக நிற்கின்றது. பண்டம் தேங்கினால் அது கடைசிப் படியில் நிற்பவளின் அலுமாரியில் தேங்கும். மேலிருப்பவருக்கு அதன் தரகு முன்னரே வந்து சேர்ந்திருக்கும்.

இந்தியாவில் 1959இல், பம்பாயின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபா கடன் வாங்கி மொட்டைமாடியொன்றிற் பப்படம் இட்டுத் தொடங்கிய லிஜ்ஜத் அமைப்பு, இன்று பல்லாயிரம் பெண்களைக் கொண்டது. அங்கு உறுப்பினரெல்லாரும் சகோதரியர் எனப்படுவர். இலாபத்துக்கும் நட்டத்துக்கும் அவர்கள் எல்லாருமே உரியவர்கள். அது விற்பனைப் படிக்கட்டன்று, உற்பத்திச் சங்கம். ஆகையால் இரண்டையும் ஒரே தராசில் வைத்தல் முறையாகாது. ஆயினும் வீட்டை விட்டு நெடுநேரம் வெளியே நிற்க முடியாத ஏழைப் பெண்களை, பங்காளர்களாகவே வைத்துப் பெருந்தொழில் நடத்துதல் இயலாது என்ற வாதத்தை அறுபதாண்டுகளுக்கு மேலாக அது பொய்ப்பித்து வருகின்றது.

என்னுடைய பழைய மாணவியிடம் எஞ்சியவர்கள் 11 பேர். அவர்கள் அந்தக் கொம்பனியின் சத்துமாவை விட்டுவிட்டனர். சவர்க்காரத்தை மட்டும், கேட்பவர்களுக்காக, வைத்திருக்கின்றனர். தாங்களே இடிக்கும் மிளகாய்த்தூள், ஒடியல் மா, எள்ளுருண்டை என்பவற்றைத் தங்கள் பழைய வாடிக்கை வீடுகளுக்குக் கொண்டுசெல்கின்றனர். வருமானம் பெரிதன்று. மழைக்காலத்தில் மிளகாய் காய்வதில்லை. ஒடியல் எல்லா மாதமும் கிடைப்பதில்லை. இரண்டு பேருக்கு மட்டுமே சைக்கிள் உண்டு. சங்கமாகப் பதிவதற்குக் கூட்டுறவுக் கந்தோருக்கு ஒருமுறை சென்று, கொண்டுவரச் சொன்ன பத்திரங்களின் பட்டியலுடன் திரும்பியிருக்கின்றனர்.

சென்ற தை மாதத்தில் அவர்களின் கூட்டமொன்றுக்குக் கணக்குப் பார்க்க என்னை அழைத்திருந்தனர். அன்று எழுந்த வாதம், தலைவிக்குத் தனியாக ஏதேனும் கொடுப்பதா என்பது பற்றியது. வேண்டாம் என்று அவளே சொன்னாள். கூட்டத்தில் மூத்தவரான ஒருவர் அதனை ஏற்கவில்லை. "நீ சும்மா செய்தால் நாங்கள் உன்னைக் கேள்வி கேக்கேலாது, பிள்ளை. காசு வாங்கு, வாங்கினால்தான் கேப்பம்" என்றார் அவர். நெடுநேரம் பேசியபின் நூறு ரூபா விற்பனைக்கு இரண்டு ரூபா என்று கைதூக்கி முடிவு செய்தனர். ஒருவர் மூன்று ரூபா என்றார். ஒருவர் கை தூக்கவில்லை. சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னர் அதனை மறுபடியும் வாக்குக்கு விடுவதென்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பதினொருவரும் கையொப்பமிட்டனர்.